ஸ்ட்ரோலர் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க தெருவைப் பாருங்க!

சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் குழந்தைக்கான தள்ளுவண்டி யாருக்குத் தேவை, எந்த வயதில் வாங்கலாம், வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? ஒரு முழுமையான வழிகாட்டி.

சங்கரன்கோவில் பக்கம் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையோடு புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது, கூடவே சீர் வரிசையும் கிளம்பும். தொட்டில், வெள்ளி அரைஞாண், பால் சங்கு, குளிப்பாட்டும் டப், கொசுவலை என்று நீளும் அந்த வரிசையில் இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது ஸ்ட்ரோலர். தாய்மாமன் போனிலேயே ஆர்டர் போட்டுவிடுகிறார். பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்குகிறது. முதல் வாரம் தெருவில் உள்ள பிள்ளைகள் எல்லாம் வந்து தள்ளிப் பார்க்கிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பல வீடுகளில் அந்த வண்டி துவைத்த துணிகளைச் சுமந்துகொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது!

வாங்கியது தப்பு என்று சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கும், அந்தத் தெருவுக்கும், அந்தக் குழந்தையின் வயதுக்கும் பொருந்தாத வண்டியை வாங்கியதுதான் தப்பு. பணம் வீணாவதோடு இது நிற்பதில்லை. தலை நிற்காத பச்சைப்பிள்ளையை உட்கார்ந்த வாக்கில் தூங்கவைப்பது, பிரேக் பிடிக்காத வண்டியைச் சரிவில் நிறுத்துவது, கைப்பிடியில் கனமான பையை மாட்டுவது போன்றவை குழந்தையின் உயிரோடு விளையாடும் விஷயங்கள். அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரையிலான 21 ஆண்டுகளில், ஸ்ட்ரோலர் மற்றும் குழந்தையைச் சுமக்கும் கேரியர் தொடர்பான காயங்களுக்காக மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த 5 வயது வரையிலான குழந்தைகள் சுமார் 3.6 லட்சம் பேர். 2016-ல் வெளியான ஆய்வு சொல்லும் கணக்கு இது. பெரும்பாலானவை வண்டியிலிருந்து விழுந்தும், வண்டியே கவிழ்ந்தும் ஏற்பட்டவை. அடிபட்டது அதிகமும் தலையிலும் முகத்திலும்தான்.

அதனால், ஆர்டர் பட்டனைத் தட்டும் முன் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம்.

பிராம், புஷ்சேர், ஸ்ட்ரோலர், வாக்கர்... எது எது?

கடையில் எல்லாவற்றுக்கும் 'பேபி வண்டி' என்ற ஒரே பெயர்தான். ஆனால், இவை வேறு வேறு.

பிராம் என்பது சக்கரம் வைத்த தொட்டில். குழந்தை அதில் மல்லாந்து, சமதளமாகப் படுத்திருக்கும். பிறந்த குழந்தைக்கு ஏற்றது. புஷ்சேர் என்பது சக்கரம் வைத்த நாற்காலி. தலையும் முதுகும் நின்று, உட்காரப் பழகிய குழந்தைக்கானது. நம் ஊரில் இரண்டுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் பெயர்தான் ஸ்ட்ரோலர். இப்போது விற்பனையாகும் பல மாடல்களில் முதுகுப் பகுதியைச் சாய்த்துப் படுக்கையாகவும், நிமிர்த்தி நாற்காலியாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

வாக்கர் இதில் சேராது. நடுவில் துளை வைத்த இருக்கையில் குழந்தையை இறக்கிவிட்டால், அது காலால் உந்தி உந்தி ஓடும். படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்து அதிகம் என்பதால், இந்த வாக்கரை விற்கவும் இறக்குமதி செய்யவும் கனடா 2004-லேயே தடை விதித்துவிட்டது. 'சீக்கிரம் நடக்கும்' என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை என்பதே குழந்தைகள் நல மருத்துவர்களின் கருத்து. திருவிழாக் கடைகளில் வாங்கும் மர நடைவண்டி இதிலிருந்து மாறுபட்டது. அதில் குழந்தை தானே எழுந்து நின்று, பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கிறது. அதற்கும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

ஆடு இழுத்த வண்டி, விமானப் பொறியாளர் மடித்த வண்டி

குழந்தைக்கான வண்டியின் கதை ஒரு பிரபு வீட்டில் தொடங்குகிறது. 1733-ல் இங்கிலாந்தில் டெவன்ஷைர் பிரபுவின் குழந்தைகளுக்காக, வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் சிப்பி வடிவத்தில் ஒரு வண்டி செய்து கொடுத்தார். அதை இழுத்தது மனிதர் அல்ல, ஆடு மாதிரியான சிறு விலங்கு! 1889-ல் அமெரிக்காவின் வில்லியம் ரிச்சர்ட்சன், தொட்டில் பகுதியைத் திருப்பிப் பெற்றோரின் முகம் பார்க்கும்படி அமைக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார்.

இன்று நாம் பார்க்கும் மடக்கு வண்டிக்குக் காரணமானவர் ஓவன் மக்லாரன். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை பார்த்த பொறியாளர். வெளிநாட்டிலிருந்து பேரக்குழந்தையோடு வந்த மகள், கனமான வண்டியோடு விமானப் பயணத்தில் படும் பாட்டைக் கண்டு, 1965-ல் குடைபோல மடியும் அலுமினிய வண்டியை வடிவமைத்தார். எடை சுமார் 3 கிலோ. 'ஒரு கையில் குழந்தை, மறு கையில் மடித்த வண்டி' என்ற அந்தத் தாத்தாவின் யோசனைதான் இன்றைக்கும் நல்ல வண்டிக்கான முதல் இலக்கணம்.

முதல் கேள்வி: உங்களுக்கு வண்டி தேவையா?

வாங்கும் முன் ஒரு வாரம், குழந்தையோடு வீட்டைவிட்டு வெளியே போகும் ஒவ்வொரு பயணத்தையும் ஒரு தாளில் குறித்து வைத்துப் பாருங்கள். எங்கே போனீர்கள், எதில் போனீர்கள், குழந்தையை யார் தூக்கினார்கள்? இந்த மூன்று மட்டும் போதும்.

சங்கரன்கோவில் மாதிரி ஊரில் அந்தத் தாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரி, ஆட்டோவில். கோமதி அம்மன் சந்நிதி, நடந்து. துணிக்கடை, டூ-வீலரில். திருநெல்வேலிக்கோ ராஜபாளையத்துக்கோ உறவினர் வீடு, பஸ்ஸில். சாயங்காலம் தெரு முனை வரை, ஆச்சியின் இடுப்பில்.

இதில் ஸ்ட்ரோலர் எங்கே உதவும்? டூ-வீலரில் உதவாது. கூட்டமான பஸ்ஸில் ஏற்றுவது பெரும்பாடு. கோயிலுக்குள் வாசல்படிகளும் நிலைப்படிகளும் தடுக்கும். சாயங்கால நடைக்கும், ரயில் பயணத்துக்கும், பெரிய ஊர்களுக்குப் போகும்போதும், ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காகக் காத்திருக்கும்போதும்தான் அதன் அருமை தெரியும்.

ஆச்சி, தாத்தா, அத்தை, சித்தி என்று கை மாற்றித் தூக்க ஆள் இருக்கும் கூட்டுக்குடும்பத்தில் வண்டி இல்லாமலே பிள்ளை வளர்ந்துவிடும். அங்கே அந்தப் பணத்தை நல்ல கேரியருக்கோ, குழந்தையின் பெயரில் சேமிப்புக்கோ திருப்பலாம். ஆனால், கணவர் வெளியூரில் வேலை பார்க்க, தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு நிலைமை வேறு. சிசேரியன் ஆனவர்களிடம், முதல் ஆறு வாரங்களுக்குக் குழந்தையின் எடையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். முட்டிவலி உள்ள ஆச்சியின் கையில் 8 கிலோ பேரனைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போக முடியாது. இப்படிப்பட்ட வீடுகளில் ஸ்ட்ரோலர் ஆடம்பரம் கிடையாது. ஒரு தாய் வாசல்படி தாண்டி வெளிக்காற்றைச் சுவாசிக்க வழி செய்யும் பொருள்.

ஆறு மாதத்துக்கு முன்... ஆறு மாதத்துக்குப் பின்!

பெற்றோர் அதிகம் தவறு செய்யும் இடம் இதுதான். பச்சைப்பிள்ளையின் தலை, உடம்போடு ஒப்பிட்டால் கனமானது. கழுத்துத் தசை இன்னும் பலப்படவில்லை. நாற்காலி மாதிரியான இருக்கையில் உட்காரவைத்தால், தூக்கத்தில் தலை முன்னால் சரிந்து, தாடை நெஞ்சில் முட்டும். மெல்லிய மூச்சுக்குழாய் மடங்கி, மூச்சு தடைபடலாம். சத்தம்கூட வராது.

அதனால், தலை நன்றாக நிற்கும் வரை, அதாவது சுமார் 6 மாதம் வரை, சமதளமாகப் படுக்கவைக்க வசதியுள்ள வண்டியை மட்டுமே பயன்படுத்த வேண்டும். 'பிறந்த குழந்தை முதல்' என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், முதுகுப் பகுதி முழுமையாகச் சாய்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். குடைபோல மடியும் எளிய வண்டிகளில் பல, முழுதாகச் சாயாது. அவை உட்காரத் தெரிந்த குழந்தைக்கானவை.

இன்னொன்று, ஸ்ட்ரோலர் தூங்கும் இடம் அல்ல. ஸ்ட்ரோலர், ஊஞ்சல், கார் சீட் போன்ற உட்காரும் சாதனங்களில் குழந்தையை வழக்கமாகத் தூங்கவைக்க வேண்டாம், அதிலும் 4 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை அறவே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. நடையின்போது கண்ணயர்ந்தால் பரவாயில்லை. முகத்தைப் பார்த்தபடி தள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் தூக்கிச் சமமான படுக்கையில் மல்லாத்திப் போடுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, மூச்சுப் பிரச்னை உள்ள குழந்தை, தசை வளர்ச்சியில் தாமதம் உள்ள குழந்தை என்றால், எந்த வண்டியாக இருந்தாலும் குழந்தைகள் நல மருத்துவரைக் கேட்ட பிறகே வாங்க வேண்டும்.

தாய் வீட்டில் இருக்கும் முதல் சில மாதங்களில் குழந்தை வெளியே போவதே குறைவு. எனவே, பல குடும்பங்களுக்கு ஐந்தாம், ஆறாம் மாதத்தில் வாங்குவதே சரியாக இருக்கும். சீர் கொடுக்கும் மாமாக்கள், குழந்தையின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் லாபம்!

தெருவுக்கு ஏற்ற சக்கரம்

விளம்பரப் படங்களில் ஸ்ட்ரோலர் ஓடுவது பளபளக்கும் மால் தரையில். சங்கரன்கோவிலில் அது ஓட வேண்டியது, தேர் ஓடும் ரத வீதிகளிலும், விசைத்தறிச் சத்தம் கேட்கும் குறுக்குத் தெருக்களிலும். பேவர் பிளாக் கற்கள், வாறுகால் மேல் போட்ட சிமென்ட் பலகை, தோண்டி மூடிய பள்ளம், வேகத்தடை, மணல். இவைதான் நம் தெரு.

சின்னச் சின்னக் கெட்டி பிளாஸ்டிக் சக்கரங்கள் மணலில் புதையும். கல் இடுக்கில் சிக்கும். சிக்கியதும் வண்டி சட்டென்று நின்று முன்பக்கம் சாயும். குழந்தை பெல்ட் போடாமல் இருந்தால் அங்கேயே தூக்கி எறியப்படும். எனவே, நம் தெருவுக்குக் குறைந்தது 6, 7 அங்குல விட்டமுள்ள, ரப்பர் அல்லது கெட்டியான ஃபோம் பூச்சுள்ள சக்கரங்கள் நல்லது. காற்றடைத்த டயர் இன்னும் மென்மையாக ஓடும். ஆனால், பஞ்சர் ஒட்ட வேண்டிய வேலையும் சேர்ந்து வரும்.

முன் சக்கரம் எந்தப் பக்கமும் சுழலும் வகையாக இருந்தால் திருப்புவது எளிது. அதையே நேராகப் பூட்டிக்கொள்ளும் வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். மேடு பள்ளமான இடத்தில் பூட்டிக்கொண்டால் வண்டி அலையாது. சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் இருந்தால் குழந்தைக்குக் குலுங்கல் குறையும்.

வீட்டின் அளவையும் மறக்க வேண்டாம். வாசல் நடையின் அகலம், மாடிப்படி, கிரில் கேட் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மாடி வீடு என்றால் எடைதான் முக்கியம். ஆறு மாதக் குழந்தையின் சராசரி எடை 7 முதல் 8 கிலோ. ஒரு வயதில் 9 கிலோவுக்கு மேல். அதோடு 10 கிலோ வண்டியையும் சேர்த்துத் தினமும் மாடி ஏற்ற முடியுமா என்று யோசியுங்கள்.

கடையில் நின்று செய்ய வேண்டிய 10 சோதனைகள்

1. பிரேக்: பிரேக்கைப் போட்டுவிட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சக்கரம் சுற்றவே கூடாது. ஒரே மிதியில் இரண்டு பின் சக்கரங்களும் பூட்டினால் நல்லது. செருப்புக் காலால் போடவும் எடுக்கவும் எளிதாக இருக்க வேண்டும்.

2. பெல்ட்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, தொடைகளுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனைகளும் சேரும் பெல்ட்தான் பாதுகாப்பு. இடுப்பை மட்டும் பிடிக்கும் பெல்ட்டில் குழந்தை வழுக்கி இறங்கும் அல்லது எழுந்து நிற்கும்.

3. பூட்டு: விரித்ததும் 'க்ளிக்' என்று பூட்ட வேண்டும். தற்செயலாக மடிந்துவிடாமல் இருக்க இரண்டாவது பூட்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. மடிப்பு: கடைக்காரர் மடித்துக் காட்டினால் போதாது. குழந்தையை வைத்திருப்பதாக நினைத்து, நீங்களே ஒற்றைக் கையால் மடித்துப் பாருங்கள். ஆச்சியையும் மடிக்கச் சொல்லுங்கள்!

5. இடுக்குகள்: மடிப்பு மூட்டுகளில் குழந்தையின் விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா? கூரான விளிம்பு இருக்கிறதா? விரலால் தடவிப் பாருங்கள்.

6. நிலைத்தன்மை: கைப்பிடியை லேசாகக் கீழே அழுத்துங்கள். உடனே முன்பக்கம் தூக்கினால் அந்த வண்டி வேண்டாம்.

7. கைப்பிடி உயரம்: தள்ளும்போது குனியக் கூடாது. உங்கள் இடுப்புக்குச் சற்று மேலே, முழங்கை லேசாக மடங்கும் உயரம் சரி. கணவர் உயரமானவர் என்றால், உயரம் மாற்றும் கைப்பிடி தேவைப்படும்.

8. மேற்கூரை: வெயில் முகத்தில் படாத அளவுக்கு முன்னால் இறங்க வேண்டும். குழந்தையைப் பார்க்கச் சின்ன ஜன்னலும், காற்றுப் போக வலையும் இருந்தால் சிறப்பு.

9. துணி: கழற்றித் துவைக்க முடிகிறதா? நம் வெயிலுக்குக் கனமான பஞ்சு மெத்தையைவிட, காற்றோட்டமான துணியே நல்லது.

10. எடை வரம்பு: பெரும்பாலான வண்டிகள் 15 கிலோ வரை தாங்கும். இது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான இ.என். 1888, அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப் 833 ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின்படி சோதிக்கப்பட்டது என்ற குறிப்பு இருந்தால் கூடுதல் நம்பிக்கை.

அம்மா முகமா, ஊர் முகமா?

குழந்தை உங்களைப் பார்த்து உட்கார வேண்டுமா, தெருவைப் பார்த்தா? 2008-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் சுசான் ஸீடிக் நடத்திய ஆய்வில், தெருக்களில் குழந்தையோடு போகும் 2,700-க்கும் மேற்பட்ட பெற்றோரைக் கவனித்தார்கள். குழந்தை தங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, பெற்றோர் அதனிடம் பேசுவது இரு மடங்காக இருந்தது. பேச்சுக் கேட்டு வளரும் பருவம் என்பதால், முதல் வருடம் அம்மா முகம் பார்க்கும் அமைப்பே நல்லது. உதட்டு நிறமும் மூச்சும் கண்ணெதிரே இருக்கும் என்பது இன்னொரு நன்மை. ஒரு வயது தாண்டியதும் பிள்ளைக்கு மாடும், சைக்கிளும், பலூன்காரரும்தான் வேண்டும். அப்போது திருப்பிவிடலாம்.

ஒரு கவனம். நம் சந்தையில் கிடைக்கும் மலிவான மாடல்களில், இருக்கையைத் திருப்புவதற்குப் பதிலாகக் கைப்பிடியை மட்டும் மறுபக்கம் சாய்க்கும் வசதி இருக்கும். அப்படிச் செய்யும்போது சுழலும் முன் சக்கரங்கள் உங்கள் பக்கம் வந்துவிடும். திருப்புவது கடினமாகும், பிரேக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விடலாம். இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெயில், காற்று, புகை

வெயிலுக்குப் பயந்து ஸ்ட்ரோலர் மேல் துண்டையோ, சேலையையோ போர்த்தி மூடுவது நம் வழக்கம். நிழல் கிடைக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் உள்ளே அடுப்பாகிவிடுகிறது. ஸ்வீடனில் ஒரு நாளிதழ் 2014-ல் செய்து பார்த்த சோதனையில், மூடாதபோது 22 டிகிரியாக இருந்த வண்டியின் உள்வெப்பம், மெல்லிய துணியால் மூடிய அரை மணி நேரத்தில் 34 டிகிரியானது. ஒரு மணி நேரத்தில் 37. அது ஸ்வீடன் வெயில். நம் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு ஒரு தீர்வையும் 2023-ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உலர்ந்த துணி வெப்பத்தைக் கூட்டியது. மெல்லிய மஸ்லின் துணியை நனைத்துப் போட்டு, சின்ன மின்விசிறியையும் வைத்தபோது வெப்பம் கிட்டத்தட்ட 5 டிகிரி குறைந்தது. மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே தத்துவம்தான். ஆனாலும், துணியை எல்லாப் பக்கமும் இழுத்து மூடக் கூடாது. காற்றுப் போக வழி வேண்டும். குழந்தையின் முகம் தெரிய வேண்டும். துணி காயக் காய நனைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட எளிய வழி, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 5 மணிக்குப் பின்னும் மட்டும் வெளியே கூட்டிப்போவது.

அடுத்து காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்றுதான் இந்த வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மேற்கூரை விரித்த இலகுவான ஸ்ட்ரோலர், அந்தக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. சமதரை என்று நம்பி, பிரேக் போடாமல் கையை எடுக்கவே கூடாது.

மூன்றாவது புகை. பஸ், லாரி, ஆட்டோவின் புகைக்குழாய் இருப்பது தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள். ஸ்ட்ரோலரில் குழந்தையின் மூக்கு இருப்பதும் ஏறக்குறைய அதே உயரத்தில். பெரியவர்களைவிட வண்டியில் இருக்கும் குழந்தைகள் 60 சதவிகிதம் வரை கூடுதல் மாசைச் சுவாசிக்க வாய்ப்புண்டு என்று, 2018-ல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வு எச்சரித்தது. பஸ் ஸ்டாண்டிலும், சிக்னலிலும், லாரி நிற்கும் சாலையோரத்திலும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதே மேல். நடைக்குப் போவதென்றால், மெயின் ரோட்டைவிட உள்தெருக்களைத் தேர்ந்தெடுங்கள்.

டூ-வீலர், ரயில், திருவிழா

டூ-வீலர்: மடித்த ஸ்ட்ரோலரை முன்னால் வைத்துக்கொண்டு, அதன்மேல் குழந்தையை உட்காரவைத்துப் போவது பேராபத்து. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தையை டூ-வீலரில் அழைத்துச் சென்றால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை இருக்க வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஹெல்மெட் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மத்திய அரசு 2022 பிப்ரவரியில் அறிவித்து, ஓராண்டுக்குப் பின் நடைமுறைக்கு வந்த விதி இது. தினசரிப் பயணம் டூ-வீலரில்தான் என்றால், ஸ்ட்ரோலருக்கு முன் இந்தப் பட்டையையும் ஹெல்மெட்டையும் வாங்குவதுதான் முறை.

ரயில்: பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை போகும் குடும்பங்களுக்கு ஸ்ட்ரோலர் பெரிய உதவி. எழும்பூர் பிளாட்பாரத்தில் பெட்டியையும் பிள்ளையையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். ஆனால், மடித்தால் கீழ் பெர்த்துக்கு அடியில் நுழையும் அளவாக இருக்க வேண்டும். ஏறும்போது குழந்தையை வண்டியோடு தூக்கக் கூடாது. முதலில் குழந்தை, பிறகு வண்டி. பிளாட்பாரங்கள் தண்டவாளத்தை நோக்கிச் சரிந்திருக்கலாம் என்பதால், வண்டியைத் தண்டவாளத்துக்கு இணையாக நிறுத்திப் பிரேக் போடுவது பாதுகாப்பு.

திருவிழா: ஆடித்தபசுக்கு ஊரே நிரம்பி வழியும். ஆடிச்சுற்று சுற்றுபவர்கள், தபசுக் காட்சி பார்க்க நெருக்கியடிக்கும் கூட்டம். அங்கே ஸ்ட்ரோலரை எடுத்துப் போகவே கூடாது. கூட்டத்துக்குக் குழந்தை கண்ணில் படாது, மேலே விழுந்துவிடுவார்கள். அங்கே கைதான் வண்டி! அல்லது கேரியர். கேரியரில் வைக்கும்போது குழந்தையின் முகம் மூடாமல் எப்போதும் தெரிய வேண்டும். குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி வேண்டும். முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, தவளைபோல் கால் விரிந்திருந்தால் இடுப்பு மூட்டுக்கும் நல்லது. நம் ஆச்சிகள் இடுப்பில் தூக்கும் அதே நிலைதான் அது.

பட்ஜெட், ஆன்லைன், செகண்ட் ஹேண்ட்

ஆன்லைனில் சுமார் 2,500 ரூபாயில் தொடங்கும் ஸ்ட்ரோலர்கள், 30,000 ரூபாயைத் தாண்டியும் போகின்றன. விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று சொல்ல முடியாது. கப் வைக்கும் ஸ்டாண்ட், பொம்மை மாட்டும் கம்பி, டிசைன் எல்லாம் விலையை ஏற்றும். பிரேக், பெல்ட், சக்கரம், சாயும் முதுகு ஆகிய நான்குக்கு மட்டும் பணம் கொடுங்கள். மற்றவை இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும், திருநெல்வேலி, மதுரை பக்கம் போகும்போது ஏதாவது ஒரு கடையில் அதே வகை வண்டியைத் தள்ளிப் பார்த்துவிட்டு வாருங்கள். மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களைவிட, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று படியுங்கள். ஆறு மாதம் பயன்படுத்தியவரின் புகைப்படம் பல உண்மைகளைச் சொல்லும். சக்கரம், பெல்ட் கிளிப் போன்ற உதிரி பாகங்கள் தனியாகக் கிடைக்குமா, திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதையும் பாருங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் எண் ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும். பொருள் குறைபாடாக இருந்து, கடையும் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும்.

அக்கா பிள்ளைக்கு வாங்கிய வண்டி வீட்டில் இருக்கிறதா? தாராளமாகப் பயன்படுத்தலாம். பெல்ட் இற்றுப்போயிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, பிளாஸ்டிக்கில் விரிசல் விட்டிருக்கிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த மாடலை நிறுவனம் குறை காரணமாகத் திரும்பப் பெற்றிருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்ப்பதும் நல்லது. புகழ்பெற்ற மக்லாரன் நிறுவனமே 2009 நவம்பரில், அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட வேண்டி வந்தது. மடிப்பு மூட்டில் சிக்கி, 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானதே காரணம். மூட்டை மூடும் உறைகளை அந்த நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. எந்த நிறுவன வண்டியாக இருந்தாலும், விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை பத்தடி தள்ளி இருக்கட்டும்.

வாங்கிய பிறகு மறக்கக் கூடாதவை

* இரண்டு நிமிட வேலைக்காக நிறுத்தினாலும் பிரேக். உட்காரவைத்ததும் பெல்ட்.
* கைப்பிடியில் காய்கறிப் பை, ஹேண்ட்பேக் எதையும் மாட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கிய நொடியில், சில நேரம் குழந்தையோடும், வண்டி பின்னால் கவிழும். பைக்குக் கீழே உள்ள கூடைதான் இடம்.
* படிக்கட்டில் குழந்தையோடு வண்டியைத் தூக்காதீர்கள்.
* மூத்த பிள்ளையைப் பின்னால் தொற்றிக்கொள்ளவோ, தனியாகத் தள்ளவோ விடாதீர்கள்.
* தலையணை, கனமான விரிப்பு, கழுத்தில் கட்டிய கயிறு, நீளமான துப்பட்டா எதுவும் குழந்தைக்கு அருகில் வேண்டாம்.
* சாலையைக் கடக்கும்போது வண்டி உங்களுக்கு முன்னால் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் குழந்தை நடுரோட்டில் இருக்கும். நிறுத்திய வாகனங்களுக்கு இடையிலிருந்து வெளியே வரும்போது வண்டியைப் பின்னால் விட்டு, நீங்கள் முதலில் பாருங்கள்.
* மாதம் ஒருமுறை சக்கரத்தில் சுற்றிய முடி, நூல், மணலை எடுத்துவிட்டு, திருகுகளை இறுக்குங்கள்.
* மொபைலைப் பார்த்துக்கொண்டே தள்ள வேண்டாம்.

இவ்வளவும் படித்துவிட்டு, 'நமக்கு வண்டியே வேண்டாம்' என்ற முடிவுக்கு வந்தாலும் அது நல்ல முடிவுதான். தூளியிலும் இடுப்பிலும் வளர்ந்த பிள்ளைக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. வேண்டும் என்று முடிவெடுத்தால், விலை உயர்ந்த வண்டியைத் தேட வேண்டியதில்லை. உங்கள் வாசலில் நுழைகிற, உங்கள் தெருவில் ஓடுகிற, உங்கள் கையால் தூக்க முடிகிற வண்டியே சரியான வண்டி. வாரத்தில் நான்கு மாலையாவது அது வெளியே போய் வந்தால், கொடுத்த காசு வீண் போகவில்லை என்று அர்த்தம்.